மருந்தடிக்க எந்த உடுப்பு: ரெயின்கோட்டா, வெள்ளை ஓவரோலா, தடித்த பருத்தியா?

தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடித்தாலும் சரி, நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் அடித்தாலும் சரி, காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் முதலில் கையுறை வாங்குங்கள், உடுப்பு அப்புறம்.

ரெயின்கோட்டுக்குள் திரவம் இறங்காது, அது உண்மை. ஆனால் 16 லீட்டர் டாங்கியைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறவருக்கு உள்ளே வேர்வை ஊற்றும், கொஞ்ச நேரத்தில் பட்டனைக் கழற்றிவிடுவார், அதன் பிறகு அதைப் போட்டு என்ன பயன்?

ஒருமுறை போட்டு எறியும் வெள்ளை ஓவரோலைப் பார்த்தால் நம்பிக்கையாகத்தான் இருக்கும். எதைத் தடுக்கும் என்று காட்ட இந்த உடுப்புகளுக்கு வகை எண் உண்டு, எண் குறையக் குறையத் தடுப்பு கூடும். வகை 5, 6 என்றிருந்தால் அது தூசிக்கும் இலேசான தெறிப்புக்கும் மட்டும்; உடம்பு நனைகிற அளவுக்கு ஸ்பிரே பட்டால் வகை 4, பீய்ச்சி அடித்தால் வகை 3 வேண்டும். வகை 6ஐப் போட்டுக்கொண்டு டாங்கியைச் சுமந்தால், மூடி கசிந்து வார் அழுத்துகிற தோளில்தான் மருந்து முதலில் உள்ளே இறங்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் வாது குத்தித் தொடைப் பக்கம் கிழியவும் செய்யும். இதைத் துவைத்துத் துவைத்துப் போடச் சொல்கிறவர்கள் தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

தண்ணீரில் கலந்த மருந்தைக் கைப் பம்பால் அடிக்க நான் சொல்வது தடித்த பருத்தியில் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும்தான், லேபிள் அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் லேபிள் சொல்வதே சரி. முதுகுக்கும் டாங்கிக்கும் நடுவில் தடித்த பொலித்தீன் ஒன்று, கலக்கும்போது முன்னால் நீர்புகா ஏப்ரன், காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே. பருத்தி நனைந்தால் மருந்தைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், அதனால் நனைந்த உடனே கழற்றிக் கழுவ வேண்டும்.

கையுறைக்கு வருவோம். கலக்கும்போதுதான் மருந்து செறிவாக இருக்கிறது, அதைத் தொடுவது கை. மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை, தோல், துணி எதுவும் வேண்டாம். எண்ணெய்க் கரைப்பானில் வரும் மருந்துக்குச் சாதாரண ரப்பர் ஊதிப் போகும். உள்ளே துணி இல்லாத, 0.4 மில்லிமீட்டராவது தடிப்புள்ள நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, முழங்கைப் பக்கம் வரை நீளமானது வாங்குங்கள். கழற்றுமுன் கையில் இருக்கும்போதே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊற வைக்காதீர்கள், குடிதண்ணீர் பிடிக்கும் பீலியில் அலசவும் கூடாது.