டிக் இருந்தது, டிஸ்க்தான் இல்லை: ஒரு கிளவுட் விஎம் சேவை பற்றி

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறை ஆபீஸில் ஒரு கிழட்டு சர்வர். பில்லிங், ஸ்டாக் எல்லாம் அதில் விஎம்வேர் என்ற சாஃப்ட்வேருக்குள் ஒரு விஎம்மாக (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஓடும் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில்தான். "கரண்டு போறப்பல்லாம் வயித்தக் கலக்குது, கிளவுடுல ஏத்திடுப்பா" என்றார் முதலாளி. மும்பையில் டேட்டா சென்டர் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் எடுத்தோம். பெயர் வேண்டாம்.

அவர்களுடைய கெஸ்ட் ஓஎஸ் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) பட்டியலில் சென்ட்ஓஎஸ் 7-க்கு நேராகப் பச்சை டிக். அதை நம்பி சனிக்கிழமை ராத்திரி எங்கள் விஎம்மின் டிஸ்க் இமேஜை ஏற்றி ஆன் செய்தேன். கன்சோலில் 'டைம்அவுட்' என்று வரி வரியாக ஓடி, ஓஎஸ் இருக்கும் ரூட் டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிட்டது. சாட்டில் கேட்டால், "சார், எங்க ஹோஸ்ட் நல்லா இருக்கு, இது கெஸ்ட் பக்கம்." ஹோஸ்ட் என்றால் விஎம்மைத் தாங்கும் அவர்களுடைய மெஷின். சரி, டிக்குக்கு அர்த்தம் அவ்வளவுதான் போல.

விஷயம் இதுதான். சென்ட்ஓஎஸ் 7-இன் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் குட்டி ஃபைல் சிஸ்டம்), அது குடியிருந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டுமே இருக்கும். இவர்களுடையது விஎம்வேர் அல்ல, கேவிஎம் என்ற வேறு விஎம் சாஃப்ட்வேர்; அதில் டிஸ்க் வர்ட்டியோ என்ற மெய்நிகர் சாதனம் வழியாக வருகிறது. அந்த டிரைவர் உள்ளே இல்லை. பூட் மெனுவின் அடியில் யாரும் தொடாத 'ரெஸ்க்யூ' என்று ஒன்று கிடக்குமே, அதில் எல்லா டிரைவரும் உண்டு. அதன் வழியாக நுழைந்து, டிராகட் என்ற கருவியால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டி ரீபூட் செய்தேன். ஐந்து நிமிட வேலை. கண்டுபிடிப்பதற்குள் பால்காரர் வந்துவிட்டார்.

அப்புறம் பாக்கேஜ் இறக்கும் யம் படுத்தியது. சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-உடன் முடிந்து, பாக்கேஜ் தரும் சர்வர்களைக் காட்டும் மிரர் பட்டியலையும் மூடிவிட்டார்கள். யம் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் ரெப்போ ஃபைலை, காப்பகமான வால்ட்டுக்குத் திருப்பினால் பழைய பாக்கேஜ் கிடைக்கும், புதிய பேட்ச் வராது. டிக் போட்ட கை இந்தத் தேதியையும் போட்டிருக்கலாம்.

விண்டோஸ் விஎம் கொண்டுபோகிறவர்கள், பழைய இடத்திலேயே வர்ட்டியோ டிரைவரைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் நீலத் திரைதான்.

குறை மட்டும் சொன்னால் பாவம். பிரவுசரிலேயே கன்சோல் தந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நான் அந்த மெனுவையே பார்த்திருக்க முடியாது. ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) சட்டென்று முடிகிறது. புதிதாக எடுத்த உபுண்டு 24.04 விஎம் ஒரு முனகலும் இல்லாமல் எழுந்தது.

5-க்கு 3. பில்லிங்கை 2029 வரை பேட்ச் வரும், சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான அல்மாலினக்ஸ் 8-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதுவரை பழைய விஎம்முக்கு வெளி இன்டர்நெட் கட்.