கற்பனைத் தெய்வங்களுக்கு ஆப்சிடியன்: கோப்புகள் தாங்கும், கோடுகள் பேசாது

கதைக்கோ ஆட்டத்துக்கோ ஒரு கற்பனை உலகத்தைக் கட்டுகிறவருக்கு ஐந்தாறு தெய்வம் வரை ஒரு நோட்டுப் புத்தகமே போதும். பன்னிரண்டைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்கும். யாருக்கு யார் பகை, எந்தப் படையல் யாருக்கு ஆகாது, எந்த ஊரில் எந்தப் பெயர் என்பதெல்லாம் ஒன்றோடொன்று முட்டும். இந்த வேலைக்கு ஆப்சிடியன் குறிப்புச் செயலி எவ்வளவு தூரம் வரும் என்பதைப் பார்ப்போம்.

அடிப்படை எளிது. உங்கள் கணினியில் ஒரு கோப்புறை. அதை வால்ட் என்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாதாரண மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறியீடுகள் கொண்ட வெறும் உரை. செயலி நாளை நின்றுபோனாலும் எந்த உரைத்திருத்தியிலும் திறந்துகொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் வளரும் ஒரு தெய்வக் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேண்டியதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். பல கருவிகளிடையே ஒத்திசைக்கும் ஆப்சிடியனின் சேவைக்குக் கட்டணம் உண்டு.

ஒரு தெய்வத்துக்கு ஒரு கோப்பு. கோப்பின் தலையில் பிராப்பர்ட்டீஸ், அதாவது பண்புகளைப் பெயரும் மதிப்புமாக எழுதும் பகுதி. கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பெரும்பாலோர் அவசரப்பட்டு வீணடிப்பதும் இதைத்தான். ஆளுகை, வழிபடுவோர், படையல், விலக்கு, பகை, பெற்றோர், வரத்தின் விலை என்று ஏழு பண்புகள் தொடக்கத்துக்குப் போதும். ஒரு பண்பின் பெயருக்கு வால்ட் முழுக்க ஒரே வகைதான் என்பதை மறக்கக் கூடாது. ‘படையல்’ ஒரு கோப்பில் உரையாகவும் இன்னொன்றில் பட்டியலாகவும் இருக்க முடியாது. ‘விலக்கு’, ‘விலக்குகள்’ என்று மாற்றி மாற்றி எழுதினால் இரண்டு தனிப் பண்புகள் பிறந்துவிடும். பிறகு எந்த அட்டவணையும் முழுமையாக வராது. முதல் தெய்வத்தை எழுதும் முன்பே ஒரு வார்ப்புக் கோப்பு செய்து, வார்ப்பைச் செருகும் டெம்ப்ளேட்ஸ் வசதி வழியாக மட்டும் புதிய கோப்புகளில் செருகுவது நல்லது.

பெற்றோர் பண்பைக் கட்டாயம் பட்டியல் வகையாக வையுங்கள். உண்மையான தெய்வ மரபுகள் ஒரே வம்சாவளியில் நிற்பதில்லை. கிரேக்கக் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி, பழங்கவிஞர் ஹெசியட் சொல்வதில் கடல் நுரையில் பிறந்தவள். ஹோமரில் ஸியூஸுக்கும் டயோனிக்கும் மகள். கிரேக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டே வாழ்ந்தார்கள். உங்கள் உலகத்திலும் துறைமுகத்துப் பூசாரி ஒன்று சொல்ல, மலைக்காரர்கள் வேறொன்று சொல்லும்போதுதான் தெய்வத்துக்கு ரத்தமும் சதையும் வரும். ஒற்றை விடை கேட்கும் படிவத்தில் இந்த முரண் செத்துப்போகும். ஆப்சிடியன் அதைச் சாகவிடாது. இந்தச் செயலியைப் பரிந்துரைக்க முதல் காரணமே இதுதான்.

தரவரிசைக்கு எண் வகை. மெசொப்பொத்தேமியாவில் தெய்வங்களுக்கு எண்களே உண்டு: அனுவுக்கு 60, என்லிலுக்கு 50, எயாவுக்கு 40, சின்னுக்கு 30, ஷமாஷுக்கு 20. இடைவெளி விட்ட இந்த முறை கட்டுமானத்துக்கும் கைகொடுக்கும். 1, 2, 3 என்று எண்ணிட்டால் நடுவில் ஒரு தெய்வத்தை நுழைக்க எல்லாக் கோப்பையும் திருத்த வேண்டிவரும்.

திருவிழா நாளுக்குத் தேதி வகையைத் தொடாதீர்கள். அது நம் நாட்காட்டியை மட்டுமே அறியும். உங்கள் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதமோ 400 நாளோ இருந்தால் அதில் இடமில்லை. ‘ஆண்டின் எத்தனையாவது நாள்’ என்று எண்ணாக வைத்தால், 212 என்று எழுதினாலும் வரிசைப்படுத்த வரும்.

இனி இணைப்புகள். இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரை எழுதினால் அந்தக் கோப்புக்கு இணைப்பு விழும். பண்புகளுக்குள்ளும் இணைப்பு வைக்கலாம். ஆனால் கோப்பின் மூல உரையை அப்படியே காட்டும் மூலநிலையில் கையால் தட்டும்போது அதை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் சதுர அடைப்பைப் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. கோப்பின் பெயர் எங்கெல்லாம் இணைப்பில்லாமல் வந்திருக்கிறது என்று காட்டும் ‘அன்லிங்க்ட் மென்ஷன்ஸ்’ வசதி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடுகிறது. கடல் தெய்வத்துக்கு ‘அலவன்’ என்று பெயர் வைத்தால் ‘அலவனை’, ‘அலவனுக்கு’ என்ற இடங்கள் சிக்காது. கடைசி ன் தன் புள்ளியை இழந்து வேற்றுமை உருபோடு சேர்ந்துவிடுகிறது அல்லவா? இதற்கு மாற்று இரண்டு. அடைப்புக்குள் பெயரை எழுதி, செங்குத்துக் கோட்டுக்குப் பின் வாக்கியத்தில் வரும் வடிவத்தைத் தருவது ஒன்று: [[அலவன்|அலவனை]]. அடிக்கடி வரும் வடிவங்களை ‘அலியசஸ்’ என்ற பண்பில் சேர்ப்பது இன்னொன்று. ‘கூதலி’ போல இகரத்தில் முடியும் பெயருக்கு உடம்படுமெய் உதவுகிறது: [[கூதலி]]யை என்று அடைப்புக்கு வெளியே உருபை ஒட்டிவிடலாம். பெயர் சூட்டும்போதே இதை யோசித்தால் பின்னால் நிறையத் தட்டச்சு மிச்சம். ஒலிக்காக மட்டுமே ‘-ஓன்’, ‘-அன்’ என்று எல்லாவற்றையும் முடிப்பவர்கள், வாசகர் இரண்டு தெய்வங்களைக் குழப்பிக்கொள்வதற்கும் தாங்களே வழி செய்கிறார்கள்.

விளம்பரப் படங்களில் கண்ணைப் பறிப்பது, குறிப்புகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் வரையும் கிராஃப் வியூ. புள்ளிகளும் கோடுகளும் அழகுதான். ஆனால் அலவனுக்கும் கூதலிக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறதென்றால், அவர்கள் கணவன் மனைவியா, ஒருவரை ஒருவர் கொன்றவரா என்று அது சொல்லாது. எல்லா இணைப்பும் ஒரே தரம். தலைமுறை வரிசையும் வராது. பாட்டன் ஓரத்தில் கிடப்பான், பேரன் நடுவில் நிற்பான். அதைவிட மோசம், கோடுகள் அடர்ந்திருந்தால் புராணமும் செறிவாக இருக்கிறது என்ற மயக்கம் வந்துவிடும். ஒரு தெய்வத்தைச் சுற்றிய லோக்கல் கிராஃப், ஆழம் (எத்தனை இணைப்புத் தொலைவு வரை என்பது) 1 அல்லது 2 வைத்துப் பார்த்தால், யாரோடும் தொடர்பில்லாமல் நிற்கும் தெய்வத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வம்ச மரத்துக்கு, குறிப்புகளை அட்டைகளாகப் பரப்பும் கேன்வாஸ் பலகை சரி. அட்டைகளை அடுக்கி, அம்புக்குறிகள்மேல் ‘மணந்தாள்’, ‘விழுங்கினான்’ என்று எழுத முடியும். உரையாக எழுதினால் படமாக மாறும் மெர்மெய்ட் வரைபடமும் குறிப்புக்குள் வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள இணைப்புகள் கிராஃபில் ஏறாது.

உண்மையில் ஒரு தெய்வக் கூட்டத்தின் ஓட்டைகளைக் காட்டுவது, குறிப்புகளை அட்டவணையாக்கும், 2025-இல் வந்த பேசஸ் வசதி. தெய்வங்கள் கோப்புறையை வடிகட்டி, பண்புகளை நெடுவரிசைகளாக வைத்தால் ஓர் அட்டவணை கிடைக்கும். வெற்றுக் கட்டங்கள்தான் அதில் செய்தி. ஆளுகை எல்லோருக்கும் நிரம்பியிருக்கும்; ‘வழிபடுவோர்’ பாதிக்குமேல் காலியாக இருக்கும். அப்படியானால் நீங்கள் செய்திருப்பது அரசாங்க இலாகாப் பட்டியல்: போர்த் துறை, மழைத் துறை, மரணத் துறை. யார், எதற்கு அஞ்சி, எதைக் கொடுத்து வேண்டுகிறார்கள் என்பது இல்லாத தெய்வத்துக்குக் கதையில் வேலையில்லை. ஆளுகையின்படி வரிசைப்படுத்தினால் இரண்டு சூரியன்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். அதை உடனே திருத்த வேண்டும் என்றில்லை, இரண்டு மக்கள் கூட்டம் கலந்த தடயமாக அதை ஆக்கலாம். ஒரே கட்டத்தில் பல ஆளுகை வந்தாலும் தவறில்லை. ஹெர்மீஸ் தூதருக்கும் வணிகருக்கும் திருடருக்கும் சேர்த்தே தெய்வம்.

கதையில் இரண்டு தெய்வங்கள் ஒன்றாகும்போது, குறிப்புகளை இணைக்கும் நோட் கம்போசர் கைவசம் இருக்கிறதே என்று இரு கோப்புகளை இணைத்துவிடாதீர்கள். இணைத்தால் ஒரு கோப்பு நீக்கப்படும், இணைப்புகளெல்லாம் மற்றதற்குத் திரும்பும். எந்த வரி எந்தத் தெய்வத்துக்கு இருந்தது என்ற சுவடு போய்விடும். எகிப்தில் அமுனும் ராவும் அமுன்-ரா ஆன பிறகும் ரா தனியே வணங்கப்பட்டார். அதேபோல மூன்றாவது கோப்பு ஒன்று தொடங்கி, ‘கூறுகள்’ என்ற பண்பில் பழைய இரண்டையும் இணையுங்கள்.

வழிபாட்டுப் பாடல்களுக்கு ஒரு நல்ல வசதி: இணைப்பின் முன் ஆச்சரியக்குறி இட்டால் அந்தக் குறிப்பின் உரையே பக்கத்தில் வந்து அமரும். பாடலை ஓரிடத்தில் திருத்தினால் கோயில், திருவிழா, பூசாரி பக்கங்கள் எல்லாவற்றிலும் மாறும்.

பழைய வடிவங்களை மீட்க உதவும் ஃபைல் ரெக்கவரி இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுத்து ஏழு நாள் வைத்திருக்கும். தெய்வங்களுக்கு அது போதாது. ஒதுக்கிய தெய்வம் பல மாதம் கழித்துத் தேவைப்படும். அழிக்காமல் ‘கைவிட்டவை’ என்ற கோப்புறைக்கு நகர்த்தி, அமைப்புகளில் எக்ஸ்குளூடட் ஃபைல்ஸ் (விலக்கிய கோப்புகள்) பட்டியலில் அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிடுங்கள். தேடலிலும் கிராஃபிலும் தலைகாட்டாது, பழைய இணைப்புகளும் அறுபடாது.