சலக்கடுப்பு என்று ஏழு மாதம் ஏமாந்தோம்

அம்மாவுக்குச் சலக்கடுப்பு தொடங்கினது போன மாசியில். இரவில் ஏழெட்டுத் தரம் எழும்புவா. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் போடவில்லை. இப்படி நடக்கிறது அங்கே மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

"யூரின் இன்பெக்சன்" என்று சொல்லி ஐந்து நாள் குளிசை தந்தார்கள். அடுத்த மாதம் திரும்ப வந்தது, திரும்பக் குளிசை. மூன்றாம் தரம், "எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புதானே, கல்லாயிருக்கும்" என்று ஸ்கான். கல் இல்லை. இடது சிறுநீரகம் சற்று வீங்கியிருக்கிறது என்று அந்த ரிப்போட்டிலேயே எழுதியிருந்தது. அதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. புரட்டாதி வரைக்கும் ஐந்து தரம் அன்ரிபயோட்டிக், மூன்று தரம் கல்ச்சர், அதாவது சலத்தில் கிருமி வளருதோ என்று பார்க்கிற சோதனை. மூன்றிலும் பஸ் செல் (சீழ் அணுக்கள்) நிறைய, கிருமி மட்டும் வளரவில்லை. "கிருமி இல்லை, நல்லது" என்பார் டொக்டர். சொல்லிக்கொண்டே அடுத்த அன்ரிபயோட்டிக்கை எழுதுவார். கிருமி இல்லாவிட்டால் மருந்து எதற்கு என்று கேட்க எனக்கும் மூளை ஓடவில்லை. காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

சலத்தில் இரத்தம் கண்ட அன்றுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு இளம் டொக்டர் பிள்ளை ரிப்போட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தா.

"அம்மா, உங்கட வீட்டில முந்தி ஆருக்கும் கசம் இருந்ததோ?"

"ஐயாவுக்கு இருந்தது. நான் அப்ப சின்னப் பிள்ளை."

கசம் என்றால் காசநோய். ஐயாவுக்கு அது இருந்தது எனக்கே தெரியாது. அம்மாவுக்கு இருமலும் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனால் கசக்கிருமி நெஞ்சிலிருந்து இரத்தத்தோடு சிறுநீரகத்துக்குப் போய்ப் பல வருடம் உறங்கிக் கிடக்குமாம். சாதாரண கல்ச்சரில் அது வளராது. அதற்குரிய தனி ஊடகத்தில் வைத்தாலும் 6 முதல் 8 கிழமை எடுக்கும். 3 நாள் தொடர்ந்து விடியற்காலை முதல் சலத்தைப் போத்தலில் பிடித்துக் கொடுத்தோம். கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கிற ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையில் காசநோய் என்று வந்தது.

எனக்கு ஆத்திரம் கூடினது அதற்குப் பிறகுதான். கிளினிக்கில் நாலாம் தரம் தந்தது லெவோபுளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக். குடித்து இரண்டு கிழமை அம்மா நல்லாயிருந்தா, நாங்களும் டொக்டரைப் புகழ்ந்தோம். அந்த மருந்து கசக்கிருமியையும் கொஞ்சக் காலம் அமத்தி வைக்கும், அதனாலேயே நோய் பிடிபடப் பிந்தும் என்று இந்தப் பிள்ளைதான் விளங்கப்படுத்தினா. அந்த இடைவெளியில் இடது பக்கச் சலக்குழாய் தழும்பு பிடித்து ஒடுங்கிவிட்டது. இப்போது அது அடைபடாமல் உள்ளே ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

மார்பு நோய்க் கிளினிக்கில் மருந்து முழுக்க இலவசம்: 2 மாதம் நாலு மருந்து, பிறகு 4 மாதம் இரண்டு. முதல் நாள் சலம் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு அம்மா கத்தின கத்தில் பக்கத்து வீட்டு மாமியும் ஓடி வந்துவிட்டா. ரிபாம்பிசின் குடித்தால் அப்படித்தான் போகும், பயமில்லை.

சலக்கடுப்பு மாறி மாறி வந்து, பஸ் செல் நிறைய இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால், அடுத்த குளிசைத் துண்டை வாங்க முதல் "கசத்துக்குச் சோதிச்சதோ?" என்று கேளுங்கோ. ரிப்போட் ஒன்றையும் எறியாதேங்கோ. நான் எறியாமல் வைத்திருந்தபடியால்தான் அந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டது. அந்தத் தனியார் கிளினிக்கில் ஸ்கான் படத்தின் பிரதி கேட்டுப் போனேன். பழையதுகள் வைக்கிறேல்லையாம்.