செயின்ட் லூயிஸில் வானிலை வானொலி: நீண்ட நாள் அனுபவம்

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸுக்குக் குடிவருபவர்கள் யோசனை கேட்டால், குளிர்கால அங்கிக்கும் முன்பாக ஒரு வானிலை வானொலி வாங்கச் சொல்வேன். கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றும், குறுக்கே மலை ஏதும் இல்லாத இந்தச் சமவெளியில்தான் மோதிக்கொள்கின்றன. வசந்தகாலத்தில் எந்த இரவும் ஆலங்கட்டி மழை பெய்யலாம், டொர்னேடோ என்னும் சுழல்காற்றும் வரலாம். 1896 மே 27 அன்று வந்த டொர்னேடோ மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் 255 உயிர்களைக் கொண்டுபோனது.

கருவி மேசைக் கடிகாரம் அளவுதான். பாட்டோ செய்தியோ வராது. அமெரிக்க அரசின் தேசிய வானிலைச் சேவை 162.550 மெகாஹெர்ட்ஸில் இரவு பகலாக ஒலிபரப்புவதை மட்டும் பிடிக்கும். மற்ற நேரமெல்லாம் ஓசையின்றி இருக்கும். நம் பகுதிக்கு எச்சரிக்கை வந்துவிட்டால் ஆழ்ந்த தூக்கத்தையும் கலைக்கும்படி அலறிவிட்டு, புயல் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது, எச்சரிக்கை எத்தனை மணி வரை என்று கணினிக் குரலில் வாசிக்கும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, எந்தப் பகுதிக்கான எச்சரிக்கைக்கு ஒலிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் பகுதி எண்ணைப் பதிவது. செயின்ட் லூயிஸ் நகரம் 1876 வாக்கெடுப்பில் செயின்ட் லூயிஸ் கவுண்டியிலிருந்து (நம்மூர் மாவட்டம் போன்றது) பிரிந்துவிட்டது. அதனால் நகரத்துக்கு 029510, கவுண்டிக்கு 029189 என்று தனித்தனி எண்கள். நகரத்தில் குடியிருப்பவர்கள் இரண்டையும் பதிந்துவைக்க வேண்டும். இங்கே புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகின்றன. கவுண்டிக்கு எச்சரிக்கை விடும்போதே நம் வீட்டிலும் ஒலித்தால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அடித்தள அறைக்கு இறங்கச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வானிலைச் சேவை புயலின் பாதையை மட்டும் வரைபடத்தில் கட்டம் போட்டு எச்சரிக்கிறது. வானொலிக்கோ முழுக் கவுண்டியும் ஒன்றுதான். கவுண்டியின் மேற்குக் கோடியில் உள்ள வைல்ட்வுட்டில் ஆலங்கட்டி விழுந்தாலும் நள்ளிரவில் நம்மை எழுப்பிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் பலர் கருவியை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நல்ல மாடல்களில் வேண்டாத அறிவிப்பு வகைகளை நீக்கிக்கொள்ளலாம். டொர்னேடோ, கடும் இடிப்புயல், திடீர் வெள்ளம் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நான் நிறுத்திவிட்டேன்.

திடீர் வெள்ளத்தை ஏன் விட்டுவைத்தேன் என்பதற்கு 2022 ஜூலை 26 சாட்சி. அன்று ஒரே நாளில் 8.64 அங்குல மழை கொட்டியது. 1915 ஆகஸ்டில் பெய்த 6.85 அங்குலம்தான் அதுவரை சாதனை. கைபேசி வேறு அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, விடியுமுன் எங்களை எழுப்பியது இந்தப் பெட்டிதான். தெருவில் தண்ணீர் ஏறுவதற்குள் காரை மேட்டுக்கு நகர்த்திவிட்டோம்.

2025 மே 16 இன்னும் கொடுமையானது. அன்று பிற்பகல் ஃபாரஸ்ட் பார்க் என்ற பெரிய பூங்கா வழியாகப் புகுந்து நகரின் வடபகுதியைச் சிதைத்த டொர்னேடோ, வலிமையை 0 முதல் 5 வரை குறிக்கும் அளவுகோலில் இ.எஃப்.3 தரத்தது. நூறாண்டு பழைய செங்கல் வீடுகளின் சுவர்கள் பெயர்ந்து விழுந்தன. நகரத்தில் புயல் எச்சரிக்கை சைரன்கள் ஒலிக்கவே இல்லை. எங்கள் வீடு அதன் பாதையில் இல்லை என்றாலும், சமையலறை அலமாரியிலிருந்து வானொலி அலறியதைக் கேட்டுத்தான் கீழே இறங்கினோம். சைரன் ஒலித்தாலும்கூட அது வெளியில் இருப்பவர்களுக்கானது. கதவை அடைத்து ஏசி ஓடும் வீட்டில் அதை நம்பியிருக்க முடியாது.

குறைகளும் உண்டு. அடித்தள அறையில் அலை சரியாகக் கிடைப்பதில்லை. ஆன்டெனாவை முழுக்க நீட்டி ஜன்னலோரம் வைத்தால்தான் குரல் தெளிவாக வருகிறது. மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரிகளைக் கழற்றாமலே விட்டால் கசிந்து உள்ளே பச்சை படிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, புயல் பருவம் தொடங்குமுன், பிப்ரவரியிலேயே மாற்றிவிடுங்கள். புதன்கிழமைகளில் வழக்கமாக வரும் சோதனை ஒலி ஒரு வாரம் கேட்கவில்லை என்றால், அன்றே எடுத்துப் பாருங்கள்.