கண்ணில் நீர் வழிந்ததற்குக் காரணம் வறட்சியாம்

கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், மாலையானால் எழுத்து மங்குவது, போதாததற்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நீர் வழிவது. இதற்காக இரண்டு இடங்களுக்குப் போனேன்.

முதல் இடத்தில் ஐந்தே நிமிடம். கண் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார், நாளைக்கு ஆறு முறை விடச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதினார், முடிந்தது. மருந்து கெடாமல் இருக்கப் பென்சால்கோனியம் குளோரைடு சேர்த்திருந்தார்கள். நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் விடுவதானால் அது இல்லாத மருந்துதான் நல்லது, இல்லாவிட்டால் அதுவே கண்ணை உறுத்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எரிச்சல் கூடத்தான் செய்தது.

இரண்டாவது மருத்துவர் கண்ணைத் தொடுவதற்கு முன் கேள்வியாகக் கேட்டார். எத்தனை மணி நேரம் திரை பார்ப்பீர்கள், அலர்ஜி மாத்திரை போடுகிறீர்களா, வாய் உலர்கிறதா, மூட்டு வலி உண்டா? அப்புறம் கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடி இருக்கச் சொன்னார். 14 மில்லிமீட்டர் நனைந்திருந்தது, அதாவது கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறது. அடுத்து மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் சிமிட்டாமல் பார்க்கச் சொன்னார். 10 விநாடியாவது தாங்க வேண்டிய கண்ணீர்ப் படலம் எனக்கு நாலே விநாடியில் உடைந்துவிட்டது. கடைசியாக இமை ஓரத்தை மெல்ல அழுத்தினார், தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரி கெட்டியாக ஏதோ வந்தது. அதுதான் விஷயம். இமையில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டதால் மேலே எண்ணெய்ப் படலம் சரியாகப் படியவில்லை, கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது, அந்த எரிச்சலுக்குத்தான் கண் தண்ணீராகக் கொட்டுகிறது!

தினமும் 10 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம், பிறகு இமையை முடி இருக்கும் ஓரம் நோக்கி நீவிவிடுவது, கூடவே பென்சால்கோனியம் கலக்காத ஒருமுறைப் பயன்பாட்டுச் சொட்டு மருந்து. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கட்டுமா என்று நானே கேட்டேன். வறட்சிக்கு அது உதவாது, திரை பார்க்கும்போது முழுசாகச் சிமிட்டப் பழகுங்கள், போதும் என்றார். விற்கக் கண்ணாடிக் கடையும் உள்ளேயே இருக்கிற இடத்தில் இப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

குறை என்றால் காத்திருப்புதான், நேரம் வாங்கிப் போயும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒத்தடமும் ஒரு நாள் விட்டால் மறுநாளே தெரிகிறது, சோம்பலுக்கு இடமே இல்லை.

நீங்கள் நேரம் வாங்கும்போதே ஒன்று கேளுங்கள்: கண்ணீர்ப் பரிசோதனை செய்வீர்களா, இமைச் சுரப்பியைப் பார்ப்பீர்களா? தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி சாயம் விட்டுப் பார்த்தபோது என் படலம் 8 விநாடி நின்றது, காலையில் கண்ணைத் திறக்கும்போது அந்த மணல் உறுத்தல் இப்போது இல்லை.