பழைய படங்களில் அழகான ஆண்கள்: எட்டு வருட அனுபவம்

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன்னிடமுள்ள பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எட்டு வருடமாக, பெரும்பாலும் ராத்திரி சமையலறையை ஒழுங்குபடுத்தி முடித்த பிறகு, அங்கே நான் பார்ப்பது ஆண்களின் முகங்களை. அழகான ஆண்களை. ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, ரசிக்கத்தான்.

ஆரம்பித்து வைத்தவர் ராபர்ட் கார்னீலியஸ். 1839-ல் பிலடெல்பியாவில், குடும்பத்து விளக்குக் கடைக்கு வெளியே தன்னைத்தானே எடுத்துக்கொண்ட டாகுரோடைப் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும்) படம். வயது 30. தலைமுடி கலைந்திருக்கும், காலர் நிமிர்ந்திருக்கும், படத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பார். நேற்று பஸ் ஸ்டாப்பில் பார்த்த ஆள் மாதிரி இருக்கிறாரே என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் வருடம் முழுக்கப் போனில் ஜேபெக் என்ற சுருக்கிய சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதாது. நுணுக்கம் குறையாத டிஃப் கோப்பை இறக்கிக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கோப்பு கனமானது, டேட்டா கரையும், ஆனாலும் இறக்குங்கள். சட்டைக் கழுத்தின் தையல், சவரம் செய்த இடத்துக் கீறல், உதட்டோரத்து வெடிப்பு எல்லாம் அப்போதுதான் தெரியும். முகம் அழகாவது அங்கேதான்.

கண்கள் வெள்ளையாக, பேய் மாதிரி தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். ஈரமான ரசாயனம் பூசிய தகட்டில் படமெடுக்கும் அந்தக் கால வெட் பிளேட் முறை நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதியும். நீலக் கண் நிறமில்லாமல் போகும், வெயில் பட்ட கன்னம் இருண்டு போகும். ஆக, நேரில் அந்த ஆள் படத்தில் இருப்பதைவிட இளமையாகவே இருந்திருப்பான். இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப் என்றால் இடம் வலமாக மாறியிருக்கும். சிப்பாயின் பெல்ட் பட்டையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருப்பது அதனால்தான்.

கணினியே நிறம் பூசிய பிரதிகளை நம்பாதீர்கள். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கார்னீலியஸை பிரின்ட் போடக் கொடுத்தேன். கல்யாண ஆல்பம் போல முகத்தை வழவழப்பாக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் "எதையும் தொடாதீங்க" என்று சொல்லி மறுபடி போட்டு வாங்கினேன்.

ஒரு முகம் மட்டும் எனக்குச் சங்கடம். லூயிஸ் பவல். 1865 ஏப்ரலில் போர்க்கப்பலில் அலெக்சாண்டர் கார்டனர் எடுத்த படம். கையில் விலங்கு, இரும்புச் சுவரில் சாய்ந்து நிற்கிறான், அவ்வளவு அழகு. லிங்கன் சுடப்பட்ட அதே இரவில் அமைச்சர் சீவர்டை வீடு புகுந்து கத்தியால் குத்தியவன். சீவர்டின் மகன்களும் காயப்பட்டார்கள். ஜூலையில் தூக்கில் போட்டார்கள், வயது 21. அந்தப் படத்தைத் திறப்பேன், பார்ப்பேன். சேமித்து வைக்க மட்டும் மனசு வரவில்லை.

நான் அதிகம் திரும்பிப் போவது லில்ஜென்க்விஸ்ட் குடும்பம் அந்த நூலகத்துக்குக் கொடுத்த அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் படத் தொகுப்புக்கு. பாதிப் பேருக்கு மேல் பெயர் தெரியாது. பலரின் கன்னத்தில் ஸ்டுடியோக்காரர் தூரிகையால் ரோஜா நிறம் தொட்டு, பொத்தான்களுக்குத் தங்கம் பூசியிருப்பார். அதில் ஒருவனுக்குத் தூரிகை வழுக்கி, சிவப்பு மீசை நுனி வரை வந்திருக்கிறது. மேல் பொத்தானைப் போடாமல் விட்டிருக்கிறான். அதற்கும் தங்கம் வைத்திருக்கிறார்கள்.