எம்3 திருகு: ஸ்டீலா, டைட்டானியமா, அலுமினியமா?

ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி வண்டியை இலேசாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது திருகுகளில்தான். வாங்கும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம். எம்3×10 கேப் ஹெட் திருகு (3 மி.மீ. விட்டம், 10 மி.மீ. நீளம், உருளைத் தலை) ஒன்று ஸ்டீலில் ஏறத்தாழ 0.9 கிராம், டைட்டானியத்தில் 0.5, அலுமினியத்தில் 0.3. ஒரு 1/10 பக்கியில் (நிஜத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, மண் தரையில் ஓடும் வண்டி) இப்படி 100 திருகு இருப்பதாக வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் டைட்டானியமாக்கினால் 40 கிராம் குறையும், அலுமினியமாக்கினால் 60. உண்மையில் தாழ்ந்த குவிதலை கொண்ட பட்டன் ஹெட்டும் குட்டைத் திருகுமாகக் கலந்திருப்பதால் அவ்வளவும் வராது. முழு நீள லிப்போ பேட்டரியை எடுத்துவிட்டு ஷார்ட்டி எனும் குட்டை பேட்டரி போட்டாலே இதைவிட அதிகம் குறையும். அதைச் செய்து முடித்தவர்களுக்குத்தான் இந்த அலசல்.

வலுவைப் பொறுத்தவரை கடைக்காரர்கள் சொல்லும் 'ஸ்டீலுக்கு நிகரான டைட்டானியம்' பாதி உண்மை. உயர்வலு ஸ்டீல் திருகின் 12.9 தரம் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1200 நியூட்டன் இழுவிசையில் அறும், அதில் 90 சதவீதத்தை எட்டும்போது நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். எம்3 மரையின் தாங்கு பரப்பு 5.03 சதுர மில்லிமீட்டர். ஆக 12.9 ஸ்டீல் திருகு 600 கிலோவுக்கு மேல் இழுத்தால்தான் அறும். கிரேடு 5 டைட்டானியம், அதாவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது, சுமார் 460 கிலோ தாங்கும். ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) 360, 7075-டி6 என்ற வலுவான அலுமினியக் கலவை 280 சொச்சம். டைட்டானியம் 12.9-க்குக் கீழேதான், ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மேலே. ஸ்டெயின்லெஸ் எடையிலும் மிச்சம் தராது, சாதா ஸ்டீலைவிட ஒரு துளி கனம்தான்.

கிரேடு 2 என்ற பெயரில் வருவது கலப்பில்லாத டைட்டானியம். அதன் வலு கிரேடு 5-இல் பாதிகூடக் கிடையாது. எடை போட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. காந்தமும் உதவாது, இரண்டுமே ஒட்டாது. பாக்கெட்டில் கிரேடு 5 என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். நிறம் ஒரு துப்பு: டைட்டானியத்தை அனோடைஸ் செய்தால் (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றினால்) தங்கம், நீலம், ஊதா எல்லாம் வரும், பளிச்சென்ற சிவப்பு வராது. சிவப்பு 'டைட்டானியம்' திருகு கிடைத்தால் பத்தை எடுத்துத் தராசில் வையுங்கள். எம்3×10 கேப் ஹெட் பத்தும் சேர்ந்து 5 கிராம் வராமல் 3 கிராமில் நின்றால் அது சாயம் ஏற்றிய அலுமினியம்.

12.9 ஸ்டீலிலும் ஏமாறலாம். எம்5-க்குக் கீழே தலையில் தரக்குறி பொறிப்பது கட்டாயமில்லை, எனவே எம்3-இல் விற்பவர் சொல்வதுதான் தரம். கறுப்பு ஆக்சைடு பூச்சு துருவை அதிகம் தடுக்காது, எண்ணெய் காய்ந்தால் பழுப்பேறும். அதற்காக வெள்ளியாகப் பளபளக்கும் துத்தநாக முலாம் பூசிய 12.9 பக்கம் போக வேண்டாம். முலாம் போடும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் இந்த அளவு கடினமான ஸ்டீலை நொறுங்க வைக்கலாம், முறுக்கி வைத்த திருகு மறுநாள் தானாகத் தலை தெறிக்கலாம்.

இத்தனை எண்களையும் ஓரமாக வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நைலான் பாகத்தில் நேரடியாக ஏறும் திருகில் முதலில் போவது திருகு அல்ல, பிளாஸ்டிக் மரை. அங்கே 600 கிலோவுக்கும் 280 கிலோவுக்கும் வித்தியாசமே தெரியாது. தெரிவது நீளம்தான். எம்3-க்கு மரைக்குள் குறைந்தது 6 மி.மீ., முடிந்தால் 8 மி.மீ. இறங்க வேண்டும். அலுமினியப் பாகமானால் நாலரை மி.மீ. போதும். பிளாஸ்டிக்கில் மறுபடி ஏற்றும்போது திருகை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பழைய மரையின் தொடக்கத்தில் 'டக்'கென்று ஒரு படி கீழே விழுவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் நேரே முறுக்கினால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டும், நாலைந்து தடவையில் ஓட்டை சொதசொதத்துவிடும்.

உலோக வித்தியாசம் நிஜமாகவே கையில் உறைப்பது திருகின் தலையில்தான். எம்3 கேப் ஹெட்டுக்கு 2.5 மி.மீ. ஆலன் கீ. அதே எம்3-இல் பட்டன் ஹெட்டுக்கும் அடிச்சட்டத்தில் படிந்து உட்காரும் கவுன்டர்சங்க்குக்கும் 2.0 மி.மீ. மட்டுமே, குழியின் ஆழமும் குறைவு. 12.9 ஸ்டீலில் அந்தக் குழி பல முறை கழற்றி மாட்டத் தாங்கும். டைட்டானியத்தில் கீ புதிதாக இருந்தால் தாங்கும். அலுமினியத்தில் முனை மழுங்கிய கீயை வைத்து ஒருமுறை அழுத்தினால் போதும், ஆறு மூலையும் உருண்டு குழி வட்டமாகிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸும் மிருதுதான், அதிலும் 2.0 குழி சீக்கிரம் உருளும். அதனால் அலுமினியம் போட்டே தீருவது என்றால் கேப் ஹெட்டில் மட்டும் போடுங்கள். உருண்டை முனை கீயை இறுக்கவும் முதல் தளர்த்தலுக்கும் பயன்படுத்தாதீர்கள், சாய்த்துப் பிடித்துச் சும்மா சுழற்றத்தான் அது.

அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கம் ஸ்டீலை விட்டுவிடுவதே சரி, செலவு மட்டும் காரணமில்லை. வண்டியின் எடை மையம் தாழ்ந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் பாடுபடுகிறோம். தரையை ஒட்டியிருக்கும் திருகை இலேசாக்கினால் மையம் மேலே ஏறும். அதே பணத்தை ஷாக் டவர் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் தட்டு), மேல்தட்டு, ஷாக் மேல்முனை என்று உயரத்தில் இருப்பவற்றில் போட்டால் இரட்டை லாபம். போட்டிக்குப் போகிறவர்கள் தங்கள் வகுப்பின் குறைந்தபட்ச எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், டைட்டானியம் வாங்கி எடை குறைத்துவிட்டு, குறைந்ததை ஈடுகட்ட ஈயம் ஒட்டுகிறவர்கள் உண்டு! கீழ்ப்பக்கம் அலுமினியம் கூடவே கூடாது. தரையில் உரசித் தலை தேய்ந்து குழியே காணாமல் போகும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அலுமினியத்துக்கு ஏற்ற இடங்கள் சில உண்டு: பாடி போஸ்ட் (மேலோட்டைத் தாங்கும் கம்பம்), மின்விசிறி, ஆன்டெனா தாங்கி, டூரிங் காரின் மேல்தட்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் தாங்கியிலும் போடலாம், ஆனால் மோதல் அதிகமுள்ள பக்கியில் வேண்டாம். ஈரத்தில் ஓட்டுவதானால் கார்பன் ஃபைபர் தட்டில் அலுமினியத் திருகு வேண்டாம். கார்பனும் அலுமினியமும் தண்ணீரோடு சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரிக்கும். டைட்டானியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

டைட்டானியம் ஸ்டீலைவிட ஏறத்தாழ இரு மடங்கு வளைந்து கொடுக்கும். டவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷாக் திருகில் இது பரவாயில்லை. முன்சக்கரம் திரும்பும் அச்சான ஸ்டியரிங் கிங்பின்னில் அந்த வளைவு ஆட்டமாகத் தெரியும், அங்கே ஸ்டீல்தான். பினியனை (மோட்டாரின் சிறு பல்சக்கரத்தை) தண்டில் பிடிக்கும், தலையில்லாத க்ரப் ஸ்க்ரூ பற்றி விவாதமே இல்லை: கடினப்படுத்திய ஸ்டீல், தண்டின் தட்டையான பக்கத்தில் நேராக உட்கார வேண்டும். மோட்டார் திருகும் ஸ்டீலே, பல் இடைவெளி சரிசெய்ய அடிக்கடி தளர்த்துவோம். அதன் நீளம் முக்கியம். தாங்கியின் தடிமனைக் கழித்து, மோட்டாருக்குள் அனுமதித்த ஆழத்துக்கு மேல் போனால் முனை சுருளில் குத்தி மோட்டார் புகையும்.

சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் க்ராலருக்கு (பாறைகளில் மெதுவாக ஏறும் வண்டி) மட்டும் என் ஓட்டு ஸ்டெயின்லெஸ்ஸுக்கு. அங்கே எடையும் வலுவும் பெரிய பிரச்சினை இல்லை, துருப்பிடித்துச் சிக்கிக்கொண்ட திருகுதான் பிரச்சினை. ஸ்டெயின்லெஸ் திருகை ஸ்டெயின்லெஸ் நட்டிலும், டைட்டானியத்தை டைட்டானிய நட்டிலும் வேகமாக ஓட்டாதீர்கள், மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நடுவழியில் இறுகிவிடும். ஒரு பொட்டு ஆன்டி-சீஸ் (மரை பற்றாமல் தடுக்கும் கிரீஸ்) தடவினால் போதும்.

ஆன்டி-சீஸ் தடவாமல் உலோகத்தில் ஏறும் எல்லாத் திருகுக்கும் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை), இரண்டு மரை நனையும் அளவு. டைட்டானியத்திலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் அது மெதுவாகத்தான் இறுகும், பூசிய அரைமணியில் ஓட்டக் கிளம்பாமல் ஓர் இரவு விடுங்கள். பிளாஸ்டிக்கில் பூசக் கூடாது, பாலிகார்பனேட், ஏபிஎஸ் பாகங்கள் விரிசல் விடும்.

வாங்கும் முன் வண்டி எந்த அளவுமுறை என்று பாருங்கள். பழைய அமெரிக்கக் கிட்களில் 4-40 அங்குலத் திருகு இருக்கும். விட்டம் 2.84 மி.மீ. என்பதால் எம்3 போலவே தெரியும், மரை இடைவெளியோ 0.5-க்குப் பதில் 0.635. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்றில் மரை நாசம். கவுன்டர்சங்க் தலையின் கோணமும் அதில் 82 டிகிரி, மெட்ரிக்கில் 90. தமியா வண்டிகளில் வரும் கூட்டல்குறித் தலை ஜப்பானிய ஜேஐஎஸ் வகை, சாதா பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் ஏறி வழுக்கும்.

குழி உருண்டுவிட்டால் முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். சூடான சால்டரிங் அயர்னைத் தலையில் அரை நிமிடம் வைத்து லாக்டைட்டை இளக்குங்கள். 2.0 குழியானால் டி8 அளவு டார்க்ஸ் (ஆறுமுனை நட்சத்திர வடிவ) முனையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறக்கி, அழுத்தியபடி மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். அப்போதும் வராவிட்டால் ரோட்டரி கருவியின் வெட்டுத் தட்டால் தலையில் ஒரு கோடு கீறி, தட்டை ஸ்க்ரூ டிரைவர் போட்டு எடுக்கலாம். சூடு காட்டும்போது பக்கத்து நைலான் பாகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள்.